வராதவர் கணக்கு

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உண்மையான நிலைமையை அறிய விரும்புவோர் ரொக்க இருப்பைப் பார்த்த அளவில் திருப்தி அடைந்துவிடுவதில்லை. தவணை கடந்த பாக்கிப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படிப்பார்கள். கடனைத் திருப்பிக் கட்டியவர் எத்தனை பேர் என்பது மனத்துக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. கட்டாதவர் யார், எக்காரணத்தால் கட்டவில்லை என்பதோ சங்கத்தை நடத்திச் செல்வதற்கு இன்றியமையாத செய்தி. சங்கத்துடன் சில ஆண்டுகளேனும் பழகிய எந்த அங்கத்தினருக்கும் இது தெரிந்ததே.

கடன் விஷயத்தில் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் இந்த நியாயம் உடல் நல விஷயத்துக்கும் பொருந்தும் என்பதையே இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். இன்று பல சங்கங்களில், தர்ம ஸ்தாபனம் ஒன்றின் உதவியுடன் கண் பரிசோதனை முகாம் நடைபெறுகிறது. பந்தல் போடுகிறார்கள், வைத்தியர்கள் வருகிறார்கள், தலைவர் வரவேற்கிறார், காரியதரிசி நன்றி கூறுகிறார். இத்தனை பேர் வந்தனர், இத்தனை பேருக்குக் கண்ணாடி வழங்கப்பட்டது என்று ஆண்டறிக்கையில் இரண்டு வரிகள் ஏறுகின்றன. மகாசபையில் கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால், "வராதவர் எத்தனை பேர்? அவர்கள் ஏன் வரவில்லை?" என்று எழுந்து கேட்பவர் எவருமில்லை. அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் ஏடு சங்கத்தில் இருந்தால் அல்லவா கேட்க முடியும்?

முகாம் நடத்துவது நற்செயல். அதில் நமக்கு ஐயமில்லை. எனினும், வந்தவருக்குச் செய்யும் உதவி தர்மம் என்ற அளவிலே நின்றுவிடுகிறது. வராதவரையும் கணக்கில் வைத்துக்கொண்டு செய்யும்போதுதான் அது ஊரின் சுகாதாரப் பணி ஆகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கடக்க உதவுவது ஒழுங்காக எழுதப்பட்ட கணக்கே. தர்ம ஸ்தாபனங்களிடம் திறமை இருக்கலாம், பொருளும் இருக்கலாம். ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் மட்டும் சங்கத்தினிடமே இருக்கிறது.

கண்ணே முதலீடு

நெசவாளிக்குத் தறி முதல் என்பார்கள். தறியினும் மூத்த முதல் ஒன்று உண்டு. அது அவருடைய கண். அறுந்த இழையைக் கண்டு முடிவதும், அச்சில் இழை தவறாமல் கோப்பதும், புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் நுனிகளோடு ஒவ்வொன்றாகப் பிணைப்பதும், கரையில் ஜரிகை ஒழுங்கு குலையாமல் காப்பதும் கண்ணின் வேலைகளே. 2019-20-ல் எடுக்கப்பட்ட நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் நெசவையும் அதனைச் சார்ந்த வேலைகளையும் செய்வோர் 35 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். இவர்களில் நாற்பது வயதைத் தாண்டுவோர் எல்லாருக்கும் பொதுவான ஒரு குறை இருக்கிறது. அதுதான் வெள்ளெழுத்து என்று நாம் வழங்கும் கிட்டப் பார்வைக் குறைவு.

இது நோயன்று. வயது ஏற ஏறக் கண்ணின் உள்ளிருக்கும் வில்லை நெகிழ்ச்சி குன்றி இறுகிப்போவதால் அருகிலுள்ள பொருள் தெளிவாகத் தெரிவதில்லை. தொலைவிலுள்ள பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்க முடிகிற காரணத்தால், தம் பார்வைக்குக் குறை வந்ததாகவே பலர் எண்ணுவதில்லை. விளக்கின் மேல் பழி போடுகிறார்கள். நூலின் மேல் பழி போடுகிறார்கள். நூறாம் நம்பர் நூலில் நெய்துவந்தவர் அறுபதுக்கும் நாற்பதுக்கும் இறங்குகிறார். துணியில் பிசகு கண்டு கூலி குறைகிறது. இறுதியில், "வயசாகிவிட்டது" என்று சொல்லித் தறியை விட்டே எழுந்துவிடுகிறார். ஒரு சாதாரணப் படிப்புக் கண்ணாடி இவை அனைத்தையும் பல ஆண்டுகளுக்குத் தள்ளிப்போட்டிருக்கும். உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் வெளியிட்ட பார்வை பற்றிய அறிக்கையில், வெள்ளெழுத்துக்குத் தகுந்த கண்ணாடி இன்றி இடர்ப்படுவோர் உலகெங்கும் சுமார் 82 கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டிருக்கிறது.

விவசாயியின் துன்பம் வேறு விதமானது. கதிர் அடிக்கையில் நெல்லின் சுணை தெறிக்கும். கரும்பு வெட்டுகையில் சோகை கீறும். மாட்டின் வால் முகத்தில் வீசி அடிக்கும். கருவிழியில் ஏற்படும் சிறு கீறலை அவர் பெரிதாக மதிப்பதில்லை. தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ இலைச்சாறோ விட்டுவிட்டு மறுநாளும் களத்துக்குப் போகிறார். கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை ஊற்றுவாரும் உண்டு. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் பூஞ்சைக் கிருமி மேலும் ஊன்றுவதற்கே அது துணை செய்யும். சில நாட்களில் கருவிழி புண்ணாகி, வெண்மை படர்ந்து, பார்வை நிலையாகப் போய்விடுகிறது. மதுரை ஜில்லாவில் இத்தகைய கருவிழிப் புண் எவ்வளவு நேர்கிறது என்று ஆராய்ந்து 1996-ல் வெளியிட்ட கணக்கில், ஆண்டொன்றுக்கு லட்சம் பேரில் 113 பேருக்கு என்று கண்டிருந்தனர். அமெரிக்காவின் ஒரு ஜில்லாவில் அது 11 மட்டுமே. பத்து மடங்கு! மதுரை ஆஸ்பத்திரிக்கு மூன்று மாதங்களில் வந்த 434 நோயாளிகளை ஆராய்ந்து 1997-ல் வெளியான மற்றொரு கணக்கு, அவர்களில் மூவருக்கு இருவர் கண்ணில் அடிபட்டதைச் சொன்னதாகத் தெரிவிக்கிறது. இக்கணக்குகள் எழுதப்படும் முன்னரும் விவசாயிகள் கண்ணிழந்துதான் வந்தார்கள். ஆனால் அது அவரவர் விதி என்று கருதப்பட்டது. எண்ணிப் பார்த்த பிறகே, அது தொழிலோடு வரும் ஆபத்து என்றும் தடுக்கத் தக்கது என்றும் வெளிப்பட்டது.

நூற்றுக்கு ஏழு பேர்

கணக்கு ஒரு நல்ல ஸ்தாபனத்தின் போக்கையே எவ்வாறு மாற்றியது என்பதற்கு நம் நாட்டிலேயே சிறந்த உதாரணம் இருக்கிறது. சர்க்கார் வைத்தியராய் இருந்து 58-ம் வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். பணம் கொடுக்கக்கூடியவரிடம் பெற்ற கட்டணத்தைக் கொண்டு, கொடுக்க இயலாதவருக்கு இலவசமாகச் சிகிச்சை செய்வது அதன் ஏற்பாடு. கிராமங்களில் முகாம் நடத்துவதற்கு லயன்ஸ், ரோட்டரி சங்கங்களும் உள்ளூர்ப் பிரமுகர்களும் தர்ம ஸ்தாபனங்களும் துணை நின்றன. இடம், விளம்பரம், உள்ளூர்ச் செலவு ஆகியவை ஊராரின் பொறுப்பு. பரிசோதனையும் சிகிச்சையும் ஆஸ்பத்திரியின் பொறுப்பு. அமெரிக்காவில் 1978-ல் தோன்றிய சேவா என்னும் தர்ம ஸ்தாபனமும் இதற்குத் தோள் கொடுத்தது. கண்புரை நீக்கியபின் பொருத்தும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து மிகுந்த விலைக்கு வாங்கவேண்டியிருந்த காலத்தில், அதனை மதுரையிலேயே உற்பத்தி செய்வதற்காக 1992-ல் ஆரோலேப் தொடங்கப்பட்டது. விலை பல மடங்கு சரிந்தது. பலர் கூடி இழுத்தால் தேர் நகரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இவ்வளவு வெற்றிகரமாக நடந்துவந்த முகாம்களைப் பற்றி ஒரு கேள்வி எழுப்பப்பட்டது. முகாமுக்கு வந்தவர்களை விட்டுவிட்டு, முகாம் நடக்கும் ஊர்களில் வீடு வீடாகச் சென்று பார்த்தால் என்ன தெரியவரும்? அவ்வாறே பார்த்தார்கள். 1999-ல் வெளியான அந்த ஆராய்ச்சியின் முடிவு பலரையும் திடுக்கிடச் செய்தது. கண்ணில் குறை உடையவர்களில் முகாமுக்கு வந்தவர் நூற்றுக்கு ஏழு பேர் மட்டுமே! கூட்டம் நிறைந்த பந்தலைப் பார்த்தவர்கள் எவரும் இதனை ஊகித்திருக்க முடியாது. வராத 93 பேரும் பந்தலுக்கு வெளியே அல்லவா இருந்தார்கள்?

அவர்கள் கூறிய காரணங்களும் எழுதப்பட்டன. ஆபரேஷன் என்றால் பயம், இலவசம் என்றாலும் போக்குவரத்துக்கும் கூலி இழப்புக்கும் ஆகும் செலவு, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை, "இருக்கும் பார்வையே போதும்", "இந்த வயதில் எதற்கு?" என்ற எண்ணம். இவற்றில் ஒன்றுகூட வைத்தியரின் திறமையைப் பற்றிய குறையன்று. ஆகவே, மேலும் திறமையான வைத்தியரைக் கொண்டுவருவதால் இவை தீர்ந்துவிடமாட்டா. ஆண்டுக்கு ஒரு நாள் வரும் முகாமுக்குப் பதிலாக, ஆண்டு முழுவதும் அருகிலேயே இருக்கும் ஓர் இடம் வேண்டும் என்ற முடிவுக்கு இவ்வெண்கள் வழி காட்டின. 2004 முதல் அரவிந்த் ஸ்தாபனம் சிற்றூர்களில் பார்வை மையங்களை ஏற்படுத்தத் தொடங்கியது. சுமார் 50,000 மக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் அமைந்த இம்மையங்களில், பயிற்சி பெற்ற பெண்கள் கண்ணைப் பரிசோதிக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் வைத்தியர் கம்ப்யூட்டர் வழியே நோயாளியைப் பார்த்து ஆலோசனை சொல்கிறார். கண்ணாடியும் அங்கேயே கிடைக்கிறது. இன்று இத்தகைய மையங்கள் நூற்றுக்கு மேல் இயங்குகின்றன.

நாட்டளவிலும் இத்தகைய கணக்கெடுப்புகள் நடந்தே வந்திருக்கின்றன. 1986-89-ல் எடுத்த கணக்கில் மக்களில் 1.49 சதவீதத்தினர் பார்வையற்றோர் என்று காணப்பட்டது. 2015-19-ல் எடுத்த கணக்கில் அது 0.36 சதவீதம். பார்வையின்மையை நிர்ணயிக்கும் அளவுகோல் இடையில் மாறியிருக்கிறது. அதனால் குறைவு முழுவதையும் சிகிச்சையின் பலன் என்று கொள்வதற்கில்லை. எனினும், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பார்வையற்றோரில் மூன்றில் இரு பங்கினருக்கு இன்னும் கண்புரையே காரணம் என்று அதே கணக்கு சொல்கிறது. ஒரு சிறு ஆபரேஷனால் நீங்கக்கூடிய குறை அது. அந்த மூன்றில் இரு பங்கினர் யார்? அவர்களில் நம் சங்கத்து அங்கத்தினர் எத்தனை பேர்?

தேயிலைத் தோட்டத்து எடைக் கணக்கு

"கண்ணாடி போட்டால் நன்றாகத் தெரியும் என்பது யாருக்கும் தெரிந்த விஷயம், அதற்கு எதற்கு ஏடும் எழுத்தும்?" என்று கேட்பார் இருக்கலாம். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நடந்த பரிசோதனை ஒன்று இதற்கு விடை கூறுகிறது. 2018-ல் அதன் முடிவுகள் வெளியாயின. நாற்பதும் அதற்கு மேலும் வயதான, வெள்ளெழுத்துடைய 751 கொழுந்து பறிப்போரை அதற்கெனத் தெரிந்தெடுத்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு உடனே கண்ணாடி தரப்பட்டது. மறுபாதியினருக்குப் பரிசோதனை முடிந்தபின் தரப்பட்டது. விஷன்ஸ்பிரிங் என்னும் லாப நோக்கமற்ற ஸ்தாபனம் இதில் பங்குகொண்டது.

பலனை அறிவதற்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. நாள்தோறும் ஒவ்வொருவரும் பறித்த கொழுந்தின் எடையைக் கூலிக்காகத் தோட்டத்தார் ஏற்கெனவே எழுதி வந்தார்கள். அந்த எடைக் கணக்கே சாட்சி ஆயிற்று. கண்ணாடி பெற்றவர் நாளொன்றுக்குப் பறித்தது ஏறத்தாழ 25 கிலோவிலிருந்து 35 கிலோவுக்கு உயர்ந்தது. ஆஹா, பத்துக் கிலோவும் கண்ணாடியின் பலனே என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் கண்ணாடி பெறாதவர் பறித்ததும் அதே காலத்தில் 26-லிருந்து 30½ கிலோவுக்கு உயர்ந்திருந்தது. ஒப்பிட்டுக் கணக்கிட்டபோது, கண்ணாடியால் மட்டும் விளைந்த உயர்வு நாளுக்கு 5 கிலோவுக்குச் சற்று மேல், அதாவது 21.7 சதவீதம் என்று தெளிவாயிற்று. ஐம்பது வயதைத் தாண்டியவரிடம் அது 31.6 சதவீதமாக இருந்தது. இது பத்துக் கிலோ என்று மிகைப்படுத்திச் சொல்லப்பட்ட பலனைவிட நம்பத் தக்கது. நம்பத் தக்கது ஆகையால் அதிகப் பயனுடையது. 2024-ல் வெளியான பங்களாதேஷ் பரிசோதனை ஒன்றிலும், கிட்டப் பார்வை வேண்டிய தொழில்களைச் செய்யும் கிராமத்தாருக்குக் கண்ணாடி தந்ததால் வருமானம் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததாகக் கண்டார்கள்.

நெசவாளர் சங்கங்களில் இதைப்போன்ற ஏடு இல்லையா? நூல் வழங்கிய தேதி, அளவு, நம்பர். துணி வந்த தேதி, மீட்டர், தரம். கூலி, பிடித்தம் ஆகிய அனைத்தும் அங்கத்தினர் வாரியாக இருக்கின்றன. கண்ணாடி பெறுமுன் ஆறு மாதமும் பெற்றபின் ஆறு மாதமும் ஒருவர் நெய்ததை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஓர் இளநிலை எழுத்தர் ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டால் போதும். கண்ணாடி இன்னும் பெறாதவர் அதே காலத்தில் நெய்ததையும் பக்கத்தில் எழுதிவைத்தால், அஸ்ஸாமில் செய்ததைப் போன்ற நியாயமான ஒப்பீடும் கிடைத்துவிடும். பண்டிகைக் காலத் தேவையால் நெசவு பெருகியதைக் கண்ணாடியின் புகழில் சேர்த்துவிடாமல் இருக்க அது உதவும்.

நேபாளம் கூறும் எச்சரிக்கை

கணக்கு எப்போதும் நமக்கு உவப்பான விடையையே தரும் என்பதில்லை. உவப்பற்ற விடையையும் ஏற்றுக்கொள்ளும் மனம் இருப்போருக்கே அது பயன்படும்.

நேபாளத்தின் பக்தபூர் ஜில்லாவில், கண்ணில் கீறல் பட்டவருக்கு உடனே களிம்பு மருந்து இடும்படி கிராமத் தொண்டர்களைப் பழக்கினார்கள். 2001-ல் வெளியான அதன் முடிவின்படி, அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் மருந்திடத் தொடங்கிய எவருக்கும் புண் உண்டாகவில்லை. மதுரை ஜில்லாக் கிராமங்களில் சுமார் 48,000 மக்களிடையே இம்முறையைக் கையாண்டு 2006-ல் வெளியிட்ட முடிவும் ஊக்கம் தருவதாகவே இருந்தது. தொண்டரிடம் வந்த கருவிழிக் கீறல் உடையோர் 370-க்கு மேற்பட்டவர். அவர்களில் ஒருவருக்கும் புண் ஏற்படவில்லை. பிரச்னை தீர்ந்தது என்றே யாரும் எண்ணியிருப்பார்கள்.

ஆயினும், நேபாளத்தில் பரத்பூர் கண் ஆஸ்பத்திரியும் முன்னர்க் கூறிய சேவா ஸ்தாபனமும் சேர்ந்து, வெளிநாட்டு ஆராய்ச்சியாளருடன் மேலும் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். இருபத்து நான்கு ஊர்ப் பகுதிகளில் பாதியில் தொண்டர்களை அமர்த்தினார்கள், மறுபாதியில் அமர்த்தவில்லை. தொண்டரிடம் வந்தவரை மட்டும் எண்ணாமல், இரு பக்கத்திலும் ஊர் முழுவதையும் வீடு வீடாக எண்ணினார்கள். 2022-ல் முடிவு வெளியாயிற்று. கருவிழிப் புண்ணின் அளவில் இரு பகுதிகளுக்கும் குறிப்பிடத் தக்க வேறுபாடு இல்லை!

இதனால் கீறலுக்கு உடனே சிகிச்சை செய்வது வீண் என்று எவரும் கொள்ளலாகாது. கண்ணில் எது பட்டாலும் அன்றைக்கே பயிற்சி பெற்றவரிடம் காட்டவேண்டும் என்பது இன்றும் மாறாத புத்திமதி. தொண்டரிடம் வந்தவரின் கணக்கு வேறு, ஊரின் கணக்கு வேறு என்பதே இதிலிருந்து நாம் அறிந்துகொள்ள வேண்டியது. வந்தவரிடம் கண்ட வெற்றியை ஊரின் வெற்றி என்று எண்ணி நின்றுவிட்டிருந்தால், குறை எங்கோ இருந்துகொண்டே இருக்கும். யாரும் அதைத் தேடியிருக்கமாட்டார்கள். தமக்கு ஏமாற்றம் அளித்த முடிவையும் மறைக்காமல் உலகறிய வெளியிட்ட அந்த ஸ்தாபனங்களின் நேர்மை போற்றுதற்குரியது. நம் சங்க ஆண்டறிக்கைகளை எழுதுவோரும் இந்த நேர்மையைக் கைக்கொள்வார்களாக.

கூட்டு என்றால் என்ன?

தர்ம ஸ்தாபனத்துடன் சங்கம் சேர்ந்து பணியாற்றுவதைப் பற்றி மூன்று ஆட்சேபங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றைச் சற்று ஆராய்வோம்.

முதலாவது: "சங்கத்தின் வேலை நூல் கொடுப்பதும் துணி வாங்குவதும், கடன் கொடுப்பதும் வசூலிப்பதும்; கண்ணைப் பற்றி அதற்கு என்ன?" கூட்டுறவு இயக்கத்தின் சர்வதேச ஐக்கியம் 1995-ல் மான்செஸ்டரில் கூடி ஏற்றுக்கொண்ட ஏழு கோட்பாடுகளில் ஏழாவது, சங்கம் தான் இருக்கும் சமூகத்தின் நலனில் அக்கறை கொள்ளவேண்டும் என்பதாகும். கோட்பாட்டை விட்டு வெறும் வியாபாரமாகப் பார்த்தாலும், கண் தெரியாத நெசவாளியின் துணி விலைபோகாது. கண்ணிழந்த விவசாயியின் கடன் எளிதில் வசூலாகாது. சங்கத்தின் நஷ்டக் கணக்கில் இது வேறு பெயரில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது: "இலவசம் வாங்குவது கூட்டுறவாளருக்குக் கௌரவம் ஆகுமா?" நியாயமான கேள்வி. கையேந்தி நின்றால் கௌரவம் இல்லைதான். ஆனால் அங்கத்தினர் பட்டியலையும், வயது விவரத்தையும், வீடு தேடிச் சென்று அழைக்கும் ஆட்களையும், சங்கக் கட்டடத்தையும் கொடுக்கும் சங்கம் அங்கே யாசகனாக நிற்கவில்லை, பங்காளியாக நிற்கிறது. படிப்புக் கண்ணாடியின் விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். இயன்றவர் கூலியில் தவணையாகச் செலுத்தலாம். இயலாதவருக்குச் சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து உதவலாம். தாமும் ஒரு பங்கைச் செலுத்திப் பெற்ற கண்ணாடியை எவரும் பெட்டியில் வைத்துப் பூட்டமாட்டார்கள்.

மூன்றாவது ஆட்சேபமே எல்லாவற்றினும் கனமானது. "வெளியிலிருந்து வருபவர்கள் நம் விவரங்களை எழுதிக்கொண்டு போகிறார்கள், அப்புறம் என்ன ஆகிறது என்று தெரிவதில்லை" என்பது. இதில் உண்மை உண்டு. நன்கொடை இருக்கும் வரையில் திட்டம் இருக்கும். நன்கொடை தீர்ந்ததும் ஆட்கள் போய்விடுவார்கள். அவர்களுடன் ஊரின் கணக்கும் போய்விடும். அடுத்த ஸ்தாபனம் வந்து மீண்டும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். ஆகவே, முகாமுக்கு இணங்குமுன்னரே நிர்வாகக் குழு தீர்மானமாக ஒரு நிபந்தனை விதிக்கவேண்டும். எழுதப்படும் விவரத்தின் பிரதி ஒன்று சங்கத்தில் இருக்கவேண்டும். சிகிச்சைக்காக அனுப்பப்பட்டவர் சிகிச்சை பெற்றாரா என்ற செய்தி சங்கத்துக்குத் திரும்பி வரவேண்டும். இதற்குச் சம்மதிக்காத கூட்டு கூட்டாகாது.

சங்கம் செய்யக்கூடியவை

இனி, காரியமாகச் செய்யக்கூடியவற்றைக் கூறுவோம். சங்கத்தில் ஒரு கண் பதிவேடு திறக்கவேண்டும். நாற்பது வயதான ஒவ்வோர் அங்கத்தினரின் பெயரும், குடும்பத்தில் தறி வேலையோ வயல் வேலையோ செய்வோரின் பெயரும் முதலிலேயே அதில் எழுதப்படவேண்டும். நூல் சுற்றியும் பாவோடியும் களை பறித்தும் உழைக்கும் பெண்கள் அங்கத்தினராக இல்லை என்ற காரணத்தால் விட்டுப்போகலாகாது. வந்தவர் பெயரை வந்தபின் எழுதுவது பதிவேடாகாது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். முன்னதாகவே எழுதிய பெயருக்கு எதிரே வெற்றிடம் இருந்தால்தான் வராதவர் கண்ணில் படுவார்.

பெயர், வயது, தொழில், கடைசியாகக் கண் பார்த்த தேதி, சொல்லப்பட்ட சிகிச்சை, பெற்றாரா இல்லையா, பெறாவிடில் காரணம் என்ற ஏழு பத்திகள் போதும். இவற்றுள் ஏழாவதே உயிர் போன்றது. "துணைக்கு ஆளில்லை" என்பது பத்து இடங்களில் இருந்தால், சங்கம் ஒரு வண்டி அமர்த்தி எல்லாரையும் சேர்த்து அழைத்துச் செல்லலாம். "பயம்" என்று இருந்தால், ஆபரேஷன் செய்துகொண்டு மீண்டும் தறியில் அமர்ந்திருக்கும் அங்கத்தினரை அவர் வீட்டுக்கு அனுப்பலாம். அவர் சொல்லும் ஒரு வார்த்தை நூறு துண்டுப் பிரசுரங்களுக்குச் சமானம். "கூலி போய்விடும்" என்று இருந்தால், பாவு முடியும் நாளைப் பார்த்துத் தேதி குறிக்கலாம். காரணம் தெரிந்தால் பரிகாரம் பெரும்பாலும் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கும்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் உள்ளோருக்கு வீடு தேடிச் சென்று மருந்து கொடுக்க ஏற்பாடு செய்யப்பட்டது. சர்க்கரை நோய் கண்ணின் உட்திரையையும் சத்தமில்லாமல் அரித்துவிடும் என்பதால், அந்நோய் உள்ள அங்கத்தினர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் கண்ணைக் காட்டினரா என்பதையும் பதிவேட்டில் குறித்துக்கொள்வது நலம்.

இதனுடன் ஓர் எச்சரிக்கையையும் வற்புறுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. இப்பதிவேடு அங்கத்தினரின் நன்மைக்காக உள்ளது. பார்வை குறைந்தவர் என்று எழுதியிருப்பதைக் காட்டி ஒருவருக்கு உயர் நம்பர் நூல் மறுப்பதோ, கடன் மனுவைத் தள்ளுவதோ மன்னிக்க முடியாத துரோகம் ஆகும். ஒரே ஒரு முறை அவ்வாறு நடந்தாலும், மறு ஆண்டு எவரும் உண்மை சொல்லமாட்டார்கள், ஏடு பொய்யேடாகிவிடும். தனிநபர் விவரங்களைப் பாதுகாப்பதற்கென்றே 2023-ல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்பிச் சொன்னதைக் காப்பது நாணயம். ஆகவே, அவரவர் சம்மதத்தைப் பெற்றே எழுதவேண்டும். பதிவேடு பூட்டில் இருக்கவேண்டும். கடன் மனுக்களைப் பரிசீலிப்போர் கையில் அது போகலாகாது. மகாசபையில் எண்ணிக்கையை மட்டும் படிக்கவேண்டும், பெயரைப் படிக்கலாகாது.

அந்த எண்ணிக்கை எவ்வாறு இருக்கவேண்டும் என்பதற்கும் ஒரு முறை சொல்கிறோம். "முகாமுக்கு இத்தனை பேர் வந்தனர்" என்று மட்டும் எழுதும் வழக்கத்தை விடுத்து, "கண் பார்க்கவேண்டியவர் இத்தனை, பார்த்தவர் இத்தனை, பார்க்காதவர் இத்தனை, பார்க்காமைக்குக் காரணங்கள் இவை, கண்ணாடியோ ஆபரேஷனோ சொல்லப்பட்டும் பெறாதவர் இத்தனை" என்று எழுதட்டும். முதல் ஆண்டில் இவ்வெண்கள் தலைகுனியச் செய்வனவாக இருக்கக்கூடும். அதனால் யாரும் சோர்ந்துபோக வேண்டியதில்லை. பாக்கிப் பட்டியலைப் பார்க்க அஞ்சிய சங்கம் எதுவும் பாக்கியை வசூலித்ததில்லை.

நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904-ல் பிறந்தபோது, எழுத்தறியாத குடியானவர்கள் சேர்ந்து கணக்கு வைத்துத் தமக்குத் தாமே கடன் கொடுத்துக்கொள்ள முடியுமா என்று நகைத்தவர்கள் பலர். கணக்கை ஒழுங்காக வைத்ததனால்தான் அந்த நகைப்பு அடங்கியது. அன்று பணத்தை எண்ணக் கற்றோம். எண்ணியதால் கந்துவட்டியின் பிடி தளர்ந்தது. இன்று கண்களை எண்ணக் கற்க வேண்டியிருக்கிறது. வைத்தியமும் மருந்தும் கண்ணாடியும் கொண்டு வருவதற்குப் பல ஸ்தாபனங்கள் முன்வருகின்றன. யாரிடம் அவை இன்னும் போய்ச் சேரவில்லை என்று சொல்லக்கூடியவர் ஊரிலே இருப்பவரே.

எனவே, அங்கத்தினர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இதுவே. அடுத்த மகாசபையில், ஆண்டறிக்கை படித்து முடிந்ததும், ஒருவர் எழுந்து தலைவர் அவர்களை மரியாதையுடன் ஒரு கேள்வி கேட்கட்டும்: "ஐயா, நம் சங்கத்தில் கண்ணைக் காட்டிக்கொள்ளாதவர் எத்தனை பேர்?" விடை உடனே வராது. வராதது கண்டு கோபம் கொள்ளவேண்டாம். பதிவேடு திறக்கத் தீர்மானம் ஒன்றை அப்போதே பிரேரேபித்து நிறைவேற்றிவிடுங்கள். மறு ஆண்டு அதே கேள்வியை மறவாமல் மீண்டும் கேளுங்கள்.